விறகுச் சுமை: வாசகர் கேள்வி – பதில்

கிராண்டிஸ் (யூகலிப்டஸில் ஒரு வகை) தோட்டங்களில் வெட்டு நடக்கும் காலம் இது. வட்டவடை, கோவிலூர், மறையூர், பூப்பாறை, வண்டிப்பெரியாறு பக்கமிருந்தும் போடிமெட்டு, கம்பம்மெட்டு அடிவார ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன. மரத்தை வெட்டியாயிற்று, வண்டி போகாத இடத்தில் கிடக்கிறது, கையாலேயே வெளியே கொண்டுவருவது எப்படி? இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

*

எங்கள் கிராண்டிஸ் சரிவு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. மேலே ஏற 200 மீட்டர். ஜீப் இறங்காது, கழுதைக்கூலி கட்டுப்படியாகவில்லை. நானும் தம்பியும் மட்டும்தான் ஆள். டிசம்பரில் வெட்டிய மரம் இன்னும் முழுசாகவே கிடக்கிறது. எங்கே தொடங்குவது?
*விவசாயி, வட்டவடை*

முதலில் எடையைக் குறையுங்கள், அடுத்து வழியைச் செய்யுங்கள். தூக்குவது அதற்குப் பிறகுதான்.

பச்சைக் கிராண்டிஸின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஒரு டன் பச்சை விறகில் 500 கிலோதான் மரம். ஐந்தில் ஒரு பங்கு ஈரம் மிஞ்சும் அளவுக்குக் காய்ந்தால் அதே விறகு 625 கிலோவுக்கு வந்துவிடும். சுமைக்கு 25 கிலோ என்று வைத்தால் பச்சையில் 40 நடை, காய்ந்தபின் 25 நடை. மிச்சமாகும் 15 நடையும் வெறும் தண்ணீரை மேட்டில் ஏற்றுகிற வேலை. டன்னுக்கு 15 என்றால் மொத்த வெட்டுக்கும் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் முழு மரமாகப் பட்டையோடு போட்டுவைத்தால் மாதக்கணக்கானாலும் காயாது. இரண்டு முனையும் வெடிக்கும், நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். அதனால் கிடக்கிற இடத்திலேயே மூன்றடித் துண்டாக அறுத்துப் பிளந்துவிடுங்கள். சுற்றளவு ஒன்றேகால் அடியைத் தாண்டினால் இரண்டாக, இரண்டடியைத் தாண்டினால் நான்காக. கிராண்டிஸ் ஈரத்தில்தான் நன்றாகப் பிளக்கும். காய்ந்துவிட்டால் முறுக்கிய நார் ஆப்பைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் சம்மட்டி அடிக்கிற கைதான் வீணாகும். வெட்டின சில நாளுக்குள் என்றால் பட்டை முழு நீளத்துக்கும் உரிந்து வரும். உங்கள் மரத்தில் அது இப்போது ஒட்டியிருக்கும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிளந்த முகம் வழியாகவே ஈரம் போய்விடும்.

தரையில் இரண்டு கட்டைகளை இணையாகப் போட்டு, அதன் மேல் குறுக்கே அடுக்குங்கள். மண்ணில் படக்கூடாது. அடுக்கின் நீளவாட்டம் காற்றுக்குக் குறுக்காக இருக்கட்டும், உயரம் இடுப்பைத் தாண்ட வேண்டாம். அஞ்சுநாடும் வட்டவடையும் மழைமறைவுப் பக்கம் என்பதால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயிலும் காற்றும் தாராளமாகக் கிடைக்கும். நாலைந்து துண்டில் சுண்ணாம்பால் குறி போட்டு, வாரம் ஒரு முறை தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். வாரா வாரம் குறைந்துகொண்டே வந்த எடை ஒரு கட்டத்தில் நிலைக்கும். அப்போது தூக்கத் தொடங்கினால் ஜூன் மழைக்கு முன் முடித்துவிடலாம்.

இந்த இரண்டு மூன்று மாதம் வழி செய்வதற்கு. 200 மீட்டர் நடையில் 50 மீட்டர் உயரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நாலுக்கு ஒன்று ஏற்றம், சுமையோடு மூச்சு வாங்கும். அதையே வளைத்து ஆறுக்கு ஒன்று என்று கொண்டுபோனால் நடை 300 மீட்டர் ஆகும். தூரம் கூடினாலும் நிற்காமல் ஏறிவிடலாம். பாதை இரண்டடி அகலம் போதும். திருப்பங்களில் மட்டும் ஐந்தடி வேண்டும், இல்லையென்றால் தலையில் இருக்கிற கட்டு மேட்டில் இடித்து ஆளைத் திருப்பிவிடும். தலைக்கு மேல் எட்டடி உயரத்துக்குக் கொப்புகளைக் கழித்துவிடுங்கள். செங்குத்தான இடத்தில் ஒரு சாண் அகலப் பருமனுள்ள கிராண்டிஸ் கட்டையைக் குறுக்கே போட்டு, முன்னால் இரண்டு முளை அடித்துப் படி கட்டுங்கள். படி உயரம் அரையடிக்கு மேல் போகக்கூடாது.

உண்ணிச்செடியை வெட்டும்போது சாய்வாக வெட்டி விட்டுவிடாதீர்கள். அந்தக் கூர்முளை செருப்பையும் தாண்டிக் காலில் ஏறும். சுமையோடு வருகிறவருக்குத் தன் பாதம் தெரியாது. வேரோடு தோண்டுங்கள், முடியாவிட்டால் தரைமட்டத்துக்கு வெட்டி மண் தள்ளுங்கள்.

கடைசியாக, சுமைதாங்கி. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்களின் நினைவாகச் சாலையோரம் நட்ட கல் சுமைதாங்கிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் பயனை ஆள் இல்லாமல் சுமை இறக்கி ஏற்றியவர்தான் அறிவார். உங்கள் பாதையில் 70 மீட்டருக்கு ஒன்றாக மரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். கவைக்கம்பு இரண்டை ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, கவையில் ஒரு குறுக்குக்கட்டை. உயரம் சுமப்பவரின் தோள்மட்டம். குனியாமல் தலையைச் சற்றுத் தாழ்த்தினாலே கட்டு அதில் உட்கார வேண்டும். அண்ணன் கீழ்ப்பாதி, தம்பி மேல்பாதி என்று பிரித்து, நடுச் சுமைதாங்கியில் கைமாற்றுங்கள். ஒருவரே முழு ஏற்றமும் ஏறுவதைவிட இது நல்லது. அவரவர் பாதி வழியின் கல்லும் வேரும் காலுக்குப் பழகிவிடும், வெறுங்கையோடு இறங்கும்போது மூச்சும் ஆறும்.

*

தூக்கிப் பார்க்காமலே ஒரு கட்டையின் எடையைக் கணிக்க வழி உண்டா?
*கல்லூரி மாணவர், போடிநாயக்கனூர்*

உண்டு. நடுச் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, சென்டிமீட்டரிலேயே அளந்த நீளத்தால் பெருக்கி, 12,500-ஆல் வகுத்தால் பச்சைக் கிராண்டிஸ் கட்டையின் எடை ஏறக்குறைய கிலோவில் வரும். ஒரு மீட்டர் நீளத் துண்டு 40 செ.மீ. சுற்றளவில் 13 கிலோ, 60-இல் 29 கிலோ, 90-இல் 65 கிலோ. பார்வைக்கு ஒன்றரை மடங்கு பருமன்தான், எடையோ இரண்டேகால் மடங்கு. இடுப்பைப் பிடிக்க வைப்பது இந்த இடம்தான். 'கொஞ்சம்தானே பருமன்' என்று குனிந்து தூக்குகிறோம். சுற்றளவு 60 செ.மீ.-ஐத் தாண்டியதைத் தனியாளாகத் தூக்காதீர்கள், பிளந்துவிடுங்கள்.

காய்ந்த ரப்பர் விறகு இதே அளவுக்கு ஆறில் நாலு பங்குக்குள் நிற்கும். சவுக்கும் சீமைக்கருவேலமும் காய்ந்த பிறகும் கனம்தான்.

*

தலைச்சுமையாக எத்தனை கிலோ வரை தூக்கலாம்? எனக்கு வயது 43. இரண்டு வருடமாகப் பிடரியில் வலி, சில நாள் இடது கை மரத்துப்போகிறது.
*தோட்டத் தொழிலாளி, வண்டிப்பெரியாறு*

அக்கா, கை மரத்துப்போவது சாதாரண அலுப்பு இல்லை. கழுத்தெலும்புக்கு இடையிலிருந்து கைக்கு வரும் நரம்பு அழுத்தப்பட்டால் அப்படி வரும். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை தலையில் எதுவும் வைக்காதீர்கள். அதுவரை தோளிலோ, இரண்டு பேராகக் கம்பிலோ கொண்டுவரலாம்.

பொதுவாகச் சொன்னால், ஒரு ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் சொன்ன வரம்பு. பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதுவும் தூக்கத்தக்க உச்சம்தான், நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குவதற்கான அளவு இல்லை. மலைப்பாதையில் பழகிய பெண்ணுக்கு 20 கிலோ, ஆணுக்கு 25 முதல் 30 கிலோ போதும். புதியவர்கள் 12-இல் தொடங்கட்டும். 40 கிலோவை ஒரே நடையில் கொண்டுவந்து மிச்சம் பிடிப்பது கால்மணி நேரம். முட்டியும் கழுத்தும் அதற்குக் கொடுக்கிற விலை பெரிது.

சும்மாட்டைச் சரியாகச் செய்யுங்கள். பழைய பருத்திச் சேலையை முறுக்கி வளையமாகச் சுற்ற வேண்டும். நடுத்துளை மூன்று விரல் நுழையும் அளவு, கனம் அமுங்கிய பிறகும் இரண்டு அங்குலம். நைலக்ஸ், பாலியெஸ்டர் துணி வழுக்கும். துளை இல்லாமல் மடித்து வைத்தால் எடை முழுவதும் உச்சியில் ஒரே புள்ளியில் இறங்கும். வளையமாக இருந்தால் மண்டையைச் சுற்றிப் பரவும். சும்மாடு நெற்றிப் பக்கம் சரிந்தால் கழுத்து முன்னால் இழுபடும், பிடரி வலிக்குப் பாதிக் காரணம் அதுதான். காதுக்கு நேர் மேலே உச்சியில் உட்கார வேண்டும். பாதையைப் பார்க்கக் கண்ணை மட்டும் தாழ்த்துங்கள், தலையைத் தாழ்த்தாதீர்கள்.

கர்ப்பிணிகளும், பிரசவமாகி ஆறு மாதம் ஆகாதவர்களும் விறகுச் சுமை தூக்கவே கூடாது. பிரசவத்துக்குப் பின் உடனே பாரம் தூக்குவது கருப்பை இறக்கத்துக்கு வழிசெய்யும். வீட்டில் உள்ள மற்றவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு அவர்கள் பங்கைத் தூக்க வேண்டும். கேட்டு வாங்கும்படி விடக் கூடாது.

*

கட்டு பாதி வழியில் தளர்ந்து, நடுவிலிருந்து குச்சிகள் உருவிக்கொண்டு விழுகின்றன. எவ்வளவு இறுக்கினாலும் இதே கதை.
*மறையூர்*

இறுக்கத்தில் குறையில்லை, அடுக்குவதில்தான் குறை. அடிப்பக்கம் எல்லாம் ஒரே முனையில் இருந்தால் கட்டு ஒருபுறம் பருத்து மறுபுறம் சிறுத்துக் கூம்பாகிவிடும். கயிறு சிறுத்த பக்கம் நோக்கி வழுக்கும். ஒன்று அடி, ஒன்று நுனி என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

முதலில் இரண்டு கயிறைத் தரையில் விரியுங்கள். மூன்றடி விறகு என்றால் இரு முனையிலிருந்தும் முக்காலடி உள்ளே தள்ளி. நேரான, கொஞ்சம் பருத்த துண்டுகள் வெளிச்சுற்றுக்கு. கோணலும் பொடிக்குச்சியும் நடுவில். நடுவில் போனவைதான் உருவும், அதனால் அவற்றில் கணுவும் கவையும் உள்ளவையாகப் பார்த்துப் போடுங்கள், பக்கத்துத் துண்டில் மாட்டிக்கொள்ளும். கட்டின் மேல் முழங்காலை அழுத்தி, கயிற்றின் ஒரு முனையில் போட்ட கண் (சிறு வளையம்) வழியாக மறுமுனையை நுழைத்து, வந்த திசைக்கே திருப்பி இழுங்கள். இப்படித் திருப்பி இழுக்கும்போது ஒரே ஆள் இன்னும் நன்றாக இறுக்க முடியும். அந்த மடிப்பைக் கட்டைவிரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டே இரண்டு அரைமுடிச்சு.

இன்னும் இறுக வேண்டுமானால் கயிற்றுக்கு அடியில் ஒரு முழக் குச்சியைச் செருகி இரண்டு முறுக்கு முறுக்கி, குச்சியின் முனையைக் கட்டுக்குள்ளேயே குத்திவிடுங்கள். பச்சை விறகைக் கட்டி இரண்டு நாள் வைத்தால் சுருங்கித் தளரும். தூக்குகிற அன்று அந்தக் குச்சியை இன்னொரு முறுக்கு திருப்பினால் போதும், அவிழ்க்க வேண்டியதில்லை.

நீளம் நாலடியைத் தாண்ட வேண்டாம். இறங்கும்போது நீளக் கட்டின் பின்முனை மேட்டில் இடிக்கும். இடித்தால் சுமை ஆளை முன்னுக்குத் தள்ளும். சரிவில் தலைகுப்புற விழுகிறவர்கள் பலரும் இப்படித்தான் விழுகிறார்கள்.

*

ஏலத்தோட்டத்தில் நிழல் கழித்த கொப்புகள் மேலே கிடக்கின்றன. ஏலம் உலர்த்தும் ஸ்டோர் கீழே இருக்கிறது. உருட்டிவிட்டால் ஏலம் நாசமாகிறது, சுமந்தால் கூலி கட்டாது. வேறு வழி?
*பூப்பாறை*

உருட்டவே உருட்டாதீர்கள். கட்டை எங்கே துள்ளும், எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. சரம் தரையோடு ஓடுகிற பயிர் ஏலம். ஒரு கட்டை உருண்ட தடத்தில் அந்த வருடத்துக் காய் போய்விடும், கீழே வேலை செய்கிறவர்களுக்கும் ஆபத்து.

கயிற்றில் இழுத்து இறக்கலாம். இரண்டு பேர் வேண்டும். வரிசைக்கு நடுவே ஒரு தடம் மட்டும் தேர்ந்தெடுத்து, எல்லாக் கொப்பையும் அதன் வழியாகவே இறக்குங்கள். கொப்பின் அடிப்பக்கம் முன்னால் போகட்டும். கழித்த கணுக்கள் எல்லாம் நுனி நோக்கிச் சாய்ந்திருக்கும். அடி முன்னால் போனால் அவை வழுக்கிக்கொண்டு வரும். நுனி முன்னால் போனால் ஒவ்வொரு கணுவும் செடியைக் கொக்கி போட்டு இழுக்கும்.

பெரிய கட்டையை இறக்க மேலே நிற்கும் மரத்தைத் தடையாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் பின்முனையில் கயிற்றைச் சுற்றி, வால்முனையை அந்தச் சுற்றின் மேலேயே மூன்று முறை பின்னிவிட்டால் இழுக்க இழுக்க இறுகும், தளர்ந்தால் கையால் அவிழும். கயிற்றின் மறுபக்கத்தை நிற்கிற மரத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பிடியுங்கள். மரத்தோடு உரசுகிற பிடியே பெரும்பகுதி எடையைத் தாங்கிவிடும், 60 கிலோ கட்டையை ஒருவர் மெதுவாக விட்டுவிட்டு இறக்கலாம். மரப்பட்டை கிழியாமல் இருக்க சாக்கை மடித்துச் சுற்றுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. கட்டை திடீரென்று ஓடினால் கயிறு கையை விடாது, விரல் போய்விடும். கீழே இருப்பவர் கட்டைக்குப் பக்கவாட்டில், ஒரு மரத்துக்கு அப்பால் நின்றுதான் வழிகாட்ட வேண்டும்.

முடிந்த அன்றே அந்தத் தடத்தைப் பாருங்கள். கட்டை இழுத்த இடத்தில் ஒரு சால் விழுந்திருக்கும். அப்படியே விட்டால் ஜூன் மழையில் அதுவே ஓடையாகி மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். பத்தடிக்கு ஒன்றாகக் குறுக்கே பொடிக்கொப்புகளைப் போட்டு மிதித்து, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். அரைநாள் வேலைதான். இதைச் செய்யாத தோட்டங்களின் சரிவு எப்படிக் கிழிந்து கிடக்கிறது என்று பூப்பாறையில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

*

மேட்டிலிருந்து கீழே கம்பி கட்டி விறகுக் கட்டைச் சறுக்கிவிடலாமா? டாப் ஸ்டேஷனிலிருந்து அந்தக் காலத்தில் அப்படித்தான் தேயிலை இறங்கியது என்கிறார்கள்.
*குரங்கணி*

டாப் ஸ்டேஷனிலிருந்து உங்கள் பக்கத்துக் கொட்டக்குடிக்குத் தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் இறங்கியது உண்மை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயிலும் ஓடியது, 1924 வெள்ளத்தில் அது அழிந்தது. ஆனால் அது பொறியாளர்கள் கணக்குப் போட்டுக் கட்டியது. நாம் கட்டினாலும் கணக்கு வேண்டும்.

50 மீட்டர் தூரத்துக்குக் கம்பி கட்டி, நடுவில் இரண்டரை மீட்டர் தொங்கல் விட்டால், 20 கிலோ கட்டு நடுவில் வரும்போது கம்பியில் ஏறக்குறைய 100 கிலோ இழுவிசை வரும். 'விறைப்பாக இருந்தால்தான் ஓடும்' என்று தொங்கலை அரை மீட்டராகக் குறைத்தால் அதே கட்டுக்கு 500 கிலோ. இதோடு கம்பியின் சொந்த எடை, கட்டு குலுங்குவது எல்லாம் சேரும். வேலிக்குக் கட்டுகிற ஜி.ஐ. கம்பி இதைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். முடிச்சுப் போட்ட இடத்தில்தான் அது அறும். அறுந்த கம்பி சாட்டை மாதிரி வீசும்.

முறுக்கிய எஃகு ரோப், கிளிப் போடத் தெரிந்த ஆள், வேர் ஆழமான இரண்டு பெரிய மரங்கள், கீழ்முனையில் வைக்கோலும் டயரும் வைத்த தடுப்பு, கம்பிக்கு அடியில் ஆள்நடமாட்டம் இல்லாத சரிவு. இவை ஐந்தும் இருந்தால் செய்யலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம். நடைபாதைக்கு மேலே கட்டவே கூடாது.

*

தேங்காய்நார்க் கயிறா, நைலான் கயிறா?
*கம்பம்*

கட்டு கட்டவும் மரத்தில் சுற்றி இறக்கவும் தேங்காய்நார்க் கயிறு. முடிச்சு வழுக்காது, உரசினால் சூடேறி உருகாது. நைலானின் பலம் அதிகம், ஆனால் முடிச்சு நழுவும், இழுபடும்போது ரப்பர்போல நீண்டு அறுந்தால் திருப்பி அடிக்கும், கையில் ஓடினால் தோலைச் சுட்டுவிடும். நார்க்கயிற்றை ஈரத்தில் போட்டுவைக்காதீர்கள். பிரித்துப் பார்த்து உள்ளே கறுத்துப் பொடி உதிர்ந்தால் அதைப் பாரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

*

ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டி உதவுமா?
*நெடுங்கண்டம்*

பாதை மேடு பள்ளமில்லாமல் இருந்தால் நன்றாக உதவும். ஒரே நடையில் 60 கிலோ வரை தள்ளலாம். காற்றடைத்த டயர் உள்ளதாகப் பாருங்கள், இரும்புச் சக்கரம் வேரில் முட்டி நின்றுவிடும். விறகை நீளவாட்டத்தில், கனம் சக்கரத்துக்கு மேல் விழும்படி முன்தள்ளி அடுக்குங்கள். கைப்பிடியில் கனம் தெரிந்தால் அடுக்கு பின்னால் இருக்கிறது என்று பொருள். எட்டடிக்கு ஓரடிக்கு மேல் சரிகிற இடத்தில் வண்டி வேண்டாம், ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்துக்குப் பழைய பிளாஸ்டிக் பேரலை நீளவாக்கில் பாதியாக அறுத்து, முன்விளிம்பில் இரண்டு துளை போட்டுக் கயிறு கோத்தால் நல்ல சறுக்குத்தட்டு கிடைக்கும். சருகு மேல் வழுக்கிக்கொண்டு வரும், மண்ணையும் கிழிக்காது.

*

எங்கள் நிலத்து விறகைக் கேரள எல்லையைத் தாண்டித் தேனிக்குக் கொண்டுபோகலாமா? பக்கத்துக் காட்டில் விழுந்து கிடக்கிற காய்ந்த மரத்தை எடுக்கலாமா?
*மறையூர் அருகே*

இரண்டாவதற்கு முதலில் பதில். காப்புக்காட்டில் காய்ந்து விழுந்ததும் வனப்பொருள்தான். அனுமதியில்லாமல் எடுப்பது 1961-ஆம் வருடக் கேரள வனச்சட்டப்படி குற்றம். 2006 வன உரிமைச் சட்டத்தில் உரிமை பெற்ற பழங்குடிகளும் மரபுவழிக் காட்டுவாசிகளும் சிறுவனப் பொருள் சேகரிக்கலாம். சுள்ளியும் அடிக்கட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு. மற்றவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

சொந்த நிலத்து மரத்துக்குக் கேரளத்தில் 2005-இல் வந்த மரவளர்ப்புச் சட்டம் நிறையச் சலுகை தருகிறது. ஆனால் உங்கள் நிலத்துக்கு அது பொருந்துமா என்பது பட்டா வகையைப் பொறுத்தது, ஏலமலை நிலங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. வெட்டுவதற்கு முன் கிராம அலுவலகத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லை தாண்டுவதற்குக் கேரளத்தின் 1975 வனப்பொருள் போக்குவரத்து விதிகளும் தமிழ்நாட்டின் 1968 மரப் போக்குவரத்து விதிகளும் இரண்டுமே பார்க்கப்படும். எந்த மரத்துக்குப் பாஸ் வேண்டும் என்பதையும் அங்கேயே கேளுங்கள். செக்போஸ்ட்டில் நின்று தெரிந்துகொள்வதற்குள் வண்டி வாடகை ஏறிவிடும்.

மறையூரில் இன்னொன்று. சந்தனக்காட்டை ஒட்டிய பாதையில் அடையாளம் தெரியாத ஒரு துண்டைக்கூடக் கட்டில் சேர்க்காதீர்கள்.

*

அடுக்கிவைத்த விறகை எடுக்கும்போது பாம்பு, தேள் பயமாக இருக்கிறது. காட்டுமாடு, யானை நடமாட்டமும் உண்டு. என்ன கவனிக்க வேண்டும்?
*சின்னக்கானல்*

வெறுங்கையை அடுக்குக்குள் விடாதீர்கள். முதலில் கம்பால் தட்டி ஓசை எழுப்புங்கள். மேல்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். தரையில் கிடக்கும் கட்டையைக் கொக்கியால் உங்கள் பக்கமாக உருட்டுங்கள். அடியில் ஏதாவது இருந்தால் கட்டை நடுவில் தடுப்பாக நிற்கும், அது மறுபக்கம் ஓடிவிடும். எதிர்ப்பக்கம் தள்ளினால் நேராக உங்கள் காலுக்குத்தான் வரும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மட்டை கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த மலைகளில் சருகுக்குள் கிடக்கும் சின்னக் குழிவிரியன் ஒன்று உண்டு, மூக்கு மேல்நோக்கிப் புடைத்திருக்கும். நம் நாட்டில் கொடுக்கும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். இந்தக் குழிவிரியனுக்கு அது கேட்காது. சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால் வீக்கம் குறைந்தாலும் டாக்டர் சொல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

புதரில் வேலை செய்து பத்துப் பதினைந்து நாளுக்குள் காய்ச்சல் வந்து, அக்குளிலோ இடுப்பிலோ கறுத்த பொருக்குப் புண் தெரிந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். விறகுக்குப் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். நேரத்தில் பிடித்தால் சாதாரண மாத்திரையில் குணமாகும்.

யானைப் பகுதியில் காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் சுமை வேண்டாம். தலையில் கட்டு இருந்தால் கண்ணுக்கு எட்டுகிற தூரம் குறையும், கழுத்தும் திரும்பாது. அதனால் முன்னால் ஒருவர் வெறுங்கையோடு போக வேண்டும். காதில் ஹெட்செட் கூடாது. யானை தெரிந்தால் சுமையைப் பக்கவாட்டில் போட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள். விறகை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

*

ரோட்டோரம் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். லாரி வர ஒரு வாரமாகும். எப்படி வைப்பது? ஏற்றுவதற்கு யூனியன்காரர்களிடம்தான் கொடுக்க வேண்டுமா?
*சாந்தன்பாறை*

ரோட்டின் மேட்டுப்பக்கம் அடுக்குங்கள். பள்ளத்துப் பக்கம் அடுக்கினால் ஒரு கட்டை நழுவினாலும் கீழே யார் தலையில் விழும் என்று தெரியாது. சாக்கடையை மறைக்க வேண்டாம். இரு முனையிலும் இரண்டு கட்டை இப்படி, இரண்டு கட்டை அப்படி என்று குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டிபோல் அடுக்கினால் முளை அடிக்காமலே அடுக்கு நிற்கும். உயரம் நாலடி. மேலே மட்டும் தார்ப்பாயால் மூடுங்கள். பக்கவாட்டையும் மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், ரப்பர் விறகு என்றால் சில நாளிலேயே நீலம் பாய்ந்துவிடும்.

கேரளத்தில் ஏற்றுகூலித் தொழில் 1978-ஆம் வருடத்துச் சுமட்டு (சுமைதூக்கும்) தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது. வேலை செய்யாமல் நின்று பார்த்ததற்குக் கேட்கும் நோக்குக்கூலி 2018 மே 1 முதல் தடை. வேலை செய்தால் கூலி கொடுக்க வேண்டியது நியாயம். லாரி வருவதற்கு முன்பே எத்தனை டன், யார் ஏற்றுவது, டன்னுக்கு என்ன கூலி என்று பேசி, ரசீது தருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். தகராறு வந்தால் உதவித் தொழிலாளர் அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம்.